நாகலாபுரமா, தடாவா, தலக்கோணமா, ஆகாய கங்கையா? ஓடை வழியே அருவிக்கு நடப்போருக்கு ஓர் ஒப்பீடு

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்ததும், தை முடிவதற்குள் ஓர் அருவியையாவது நடந்தே சென்று பார்த்துவிட வேண்டும் என்று சென்னையில் பலர் திட்டமிடத் தொடங்குகிறார்கள். வண்டியை விட்டு இறங்கி, பத்தடி நடந்து, குளித்துவிட்டுத் திரும்பும் அருவி அவர்களுக்குப் போதாது. ஓடைக்குள் இறங்கி, பாறைகளைத் தாண்டி, மடுக்களைச் சுற்றிக்கொண்டு, நீர் விழும் இடத்தைச் சென்றடைய வேண்டும் என்பதே அவர்கள் ஆசை. அவர்களுடைய பட்டியலில் பெரும்பாலும் நான்கு பெயர்கள் இருக்கும். ஊத்துக்கோட்டைக்கு அப்பால் உள்ள நாகலாபுரம் மலையோடை, தடா அருவி என்று நம்மவர்கள் அழைக்கும் உப்பலமடுகு, சேஷாசலக் காட்டுக்குள் இருக்கும் தலக்கோணம், நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலையின் ஆகாய கங்கை ஆகியவையே அவை.

படங்களில் நான்கும் ஏறக்குறைய ஒன்றுபோலவே தெரிகின்றன. கால்களுக்குத்தான் அவற்றின் வேறுபாடு தெரியும். நான்கில் எது அழகானது என்ற கேள்வியை நான் இங்கே எடுத்துக்கொள்ளப் போவதில்லை, ஏனெனில் நல்ல மழைக்குப் பிறகு நான்குமே அழகானவைதான். உங்களுடன் வருபவர்களில் மிகவும் தளர்ந்த ஒருவர் மாலை நான்கு மணிக்கு எந்த வழியாகத் திரும்புவார் என்பதை வைத்தே இந்தத் தேர்வைச் செய்ய வேண்டும் என்பது என் கருத்து. கீழே உள்ள ஒப்பீடு முழுவதும் அந்தக் கருத்தை அடிப்படையாகக் கொண்டது.

## முதலில் அளவுகோல்கள்

வெளியேறும் வழி. சாதாரண மலைப்பாதையில் பாதை ஓரிடத்திலும் ஓடை வேறிடத்திலும் இருக்கும். ஓடை வழி நடையில் ஓடையேதான் பாதை. எனவே நீர் ஏறினால் பாதை மறைந்துவிடும். ஒருவருக்குக் கணுக்கால் பிசகினால் அவரைத் தூக்கிக்கொண்டு அதே பாறைகளின் மேலேயே திரும்ப வேண்டும். சமதளத்தில் இரண்டு பேர் தோள்கொடுத்து நடத்திவந்துவிடக்கூடிய ஒருவரை, ஆளுயரப் பாறைகள் கிடக்கும் ஓடையில் இறக்கிக் கொண்டுவர ஐந்தாறு பேர் மாறிமாறி உழைக்க வேண்டியிருக்கும். ஆகவே எந்த இடத்தைப் பற்றி விசாரித்தாலும் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். ஓடையை விட்டு விலகி நடக்கக் கரையில் ஒற்றையடிப் பாதை உண்டா? வாகனம் எதுவரை வரும்? கைப்பேசியில் சிக்னல் எந்த இடத்தில் நின்றுபோகிறது?

நீர். ஆந்திரப் பக்கத்து மூன்று ஓடைகளும் பெரும்பாலும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்யும் மழையை நம்பியவை. நவம்பரிலும் டிசம்பரின் முற்பகுதியிலும் அவை முரட்டுத்தனமாக ஓடும். டிசம்பர் இறுதி முதல் பிப்ரவரி நடுப்பகுதி வரை நடப்பதற்கு ஏற்ற அளவில் இருக்கும். சித்திரையில் மடுக்களில் தேங்கிய நீர்தான் மிஞ்சும். இவற்றின் நீர்ப்பிடிப்புப் பகுதிகள் சிறியவை என்பதால் மேலே ஒரு மணி நேரம் கொட்டிய மழை சற்று நேரத்தில் கீழே வந்து சேர்ந்துவிடும். உங்கள் தலைக்கு மேல் வானம் வெளுத்திருப்பதால் மட்டும் நீர் ஏறாது என்று நம்ப முடியாது. தெளிந்திருந்த நீர் கலங்குவதும், சருகும் சுள்ளியும் திடீரென்று மிதந்து வருவதும், ஓசை தடிப்பதும் வெள்ளத்தின் முன்னறிவிப்புகள். அவற்றைக் கண்டவுடன் பையை எடுக்கத் திரும்பாமல் உயரமான கரைக்கு ஏற வேண்டும்.

காலடி. நகரி மலைத்தொடரின் பாறை பெரும்பாலும் குவார்ட்சைட் எனப்படும் படிகக்கல். மணற்கல் புவியின் அழுத்தத்தாலும் வெப்பத்தாலும் இறுகி உருவானது இது. புவியியலாளர்கள் இதற்கு நகரி குவார்ட்சைட் என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். மிகக் கடினமான இந்தக் கல் எளிதில் தேயாது, ஆனால் விரிசல்களின் வழியே கட்டிகட்டியாகப் பிளந்து விழும். அதனால்தான் இப்பகுதி ஓடைகள் மணலும் கூழாங்கல்லுமாக இல்லாமல் மேசை அளவிலிருந்து அறை அளவு வரையான பாறைகளால் நிரம்பியிருக்கின்றன, படிகளாக உடைந்த இடங்களில் செங்குத்தான அருவிகளும் அடியில் ஆழமான மடுக்களும் அமைந்திருக்கின்றன. காய்ந்திருக்கும்போது இந்தக் கல் காலணியை நன்றாகப் பற்றிக்கொள்ளும். நீர்மட்டத்தை ஒட்டிக் கறுப்பாகவோ பழுப்பாகவோ மினுங்கும் பட்டைதான் ஆபத்தானது. மெல்லிய பாசி படிந்த அந்தப் பட்டையில் காலை வைத்தால் நிற்காது. வெளிறிய சாம்பல் நிறப் பகுதியைப் பார்த்துக் காலை வைப்பதும், இறங்கும்போது பாறையைப் பார்த்தபடி திரும்பிக்கொண்டு மூன்று பிடிகள் உறுதியான பிறகே நான்காவதை நகர்த்துவதும் பழகிக்கொள்ள வேண்டியவை. இத்தகைய ஓடையில் மணிக்கு ஒரு கிலோமீட்டர் என்பது நல்ல வேகம்.

அனுமதி. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி மலையேறச் சென்றவர்கள் 23 பேர் உயிரிழந்த பிறகு, தமிழ்நாட்டில் வனத்துறை அனுமதியின்றிக் காட்டுக்குள் செல்வது விளையாட்டான காரியமாக இல்லை. ஆந்திரப் பக்கத்தில் வேறொரு காரணமும் சேர்ந்துகொள்கிறது. கிழக்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதிக்கு மட்டுமே உரிய செம்மரம் அந்தப் பகுதிக் காடுகளில் வளர்கிறது. அதைக் கடத்துவோரைத் தேடிக் காவல்துறையும் வனத்துறையும் அங்கே சுற்றி வருகின்றன. 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலக் காட்டில் தமிழ்நாட்டைச் சேர்ந்த 20 பேர் சுட்டுக் கொல்லப்பட்டதைப் படித்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். நுழைவுச்சீட்டு இல்லாமல், பொழுது சாயும் நேரத்தில், தமிழ் பேசும் பத்து இளைஞர்கள் மூட்டை முடிச்சுகளுடன் அந்தக் காடுகளில் நடமாடுவது எப்படிப் பார்க்கப்படும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

உடன் வருவோர். எத்தனை பேர், அவர்களில் எத்தனை பேருக்கு உண்மையிலேயே நீந்தத் தெரியும், குழந்தைகளும் முழங்கால் வலி உள்ளவர்களும் இருக்கிறார்களா என்பதை மற்ற நான்கு அளவுகோல்களோடும் பொருத்திப் பார்க்க வேண்டும்.

## ஒரே பார்வையில்

| | நாகலாபுரம் | தடா (உப்பலமடுகு) | தலக்கோணம் | ஆகாய கங்கை |
|---|---|---|---|---|
| சென்னையிலிருந்து | ஏறக்குறைய 80 கி.மீ. | ஏறக்குறைய 80 கி.மீ. | ஏறக்குறைய 220 கி.மீ. | 350 கி.மீ.க்கு மேல் |
| தேவைப்படும் நாள் | ஒரு முழு நாள் | ஒரு நாள் | இரண்டு நாள் நலம் | இரண்டு நாள் |
| நடையின் தன்மை | ஓடைப் பாறைகள், மடுக்கள் | முற்பகுதி பாதை, பிற்பகுதி பாறை | அருவி அடிவரை அமைத்த வழி, மேலே காட்டுப்பாதை | படிக்கட்டு |
| வெளியேறுதல் | கடினம் | நடுத்தரம் | எளிது | எளிது, ஆனால் ஏற்றம் |
| நீச்சல் தெரியாதோர்க்கு | ஏற்றதன்று | கவனத்துடன் | ஏற்றது | ஏற்றது |
| நல்ல காலம் | டிச. இறுதி – பிப். நடு | டிச. – பிப். தொடக்கம் | அக். – பிப். | ஆடி முதல் தை வரை |

## நாகலாபுரம்

ஓடை வழி நடை என்ற சொல்லுக்கு முழுமையாகப் பொருந்தும் இடம் இந்த நான்கில் நாகலாபுரம் மட்டுமே. செங்குன்றம், ஊத்துக்கோட்டை, சுருட்டப்பள்ளி வழியாக நாகலாபுரத்தை அடைந்து, அங்கிருந்து பிச்சாட்டூர் செல்லும் சாலையில் பிரிந்து அரை என்ற சிற்றூருக்குப் போக வேண்டும். ஊருக்கு அப்பால் ஒரு சிறிய அணை. நடை அங்கிருந்துதான் தொடங்குகிறது. பழவேற்காடு ஏரியை நோக்கி ஓடும் ஆரணியாற்றின் தலைப்பகுதி இந்த மலைகளில்தான் இருக்கிறது.

அணையைக் கடந்ததும் சற்றுத் தூரம் புதர்க்காட்டின் ஊடே ஒற்றையடிப் பாதை செல்கிறது. பிறகு பாதை ஓடையைத் தொட்டும் விட்டும் போகிறது; அதற்குப் பிறகு ஓடைதான் பாதை. ஒவ்வொரு வளைவிலும் ஒரு மடு இருக்கும்: முதலில் இடுப்பளவு, பிறகு ஆளாழம், அதற்கும் மேலே அடி தெரியாத பச்சை. மேலே செல்லச் செல்ல இருபுறமும் பாறைச் சுவர்கள் நெருங்கி வருகின்றன. சில இடங்களில் மடுவின் விளிம்பை ஒட்டிய குறுகிய பாறைத் திட்டில் பக்கவாட்டில் நகர்ந்தோ, நீந்தியோதான் அடுத்த கட்டத்துக்குப் போக முடியும். இந்த இடத்தின் ஈர்ப்பும் அதுதான், இந்த இடத்தின் சிக்கலும் அதுதான்.

நன்றாக நீந்துபவர்கள், ஒருவரை ஒருவர் அறிந்தவர்கள், ஆறிலிருந்து பத்துப் பேர், அவர்களில் இருவராவது அந்த ஓடையில் முன்பே நடந்தவர்கள் என்று அமைந்தால் சென்னைக்கு இவ்வளவு அருகில் இதற்கு ஈடான இன்னொன்று இல்லை. இந்த நிபந்தனைகளில் ஒன்று குறைந்தாலும் நான் வேறு இடத்தைத்தான் பரிந்துரைப்பேன். அரை ஊரிலிருந்து வழி அறிந்த ஒருவரைக் கூலி பேசி அழைத்துச் செல்வது இங்கே தவிர்க்கக் கூடாத செலவு. அவர் வழிகாட்டுவது மட்டுமல்ல, எந்த மடுவில் சென்ற மழைக்குப் பிறகு புதிதாகப் பாறை உருண்டு கிடக்கிறது என்பதும் அவருக்குத்தான் தெரியும். போன ஆண்டு குதித்த இடம் என்பதற்காக இந்த ஆண்டும் குதிப்பவர்கள் இதைக் கவனிப்பதில்லை. வெள்ளம் பாறைகளை இடம் மாற்றிவிடும். கலங்கிய நீரில் அது மேலிருந்து தெரியாது.

அருவி நேராக விழும் மடுவைப் பற்றித் தனியாக ஒரு சொல். அங்கே நீர் வெண்மையாகத் தெரிவது அதில் காற்று கலந்திருப்பதால். காற்றுக்குமிழ்கள் நிறைந்த நீர் உடலை அவ்வளவாகத் தாங்காது. நீந்தத் தெரிந்தவருக்கும் கைவீச்சுக்குப் பிடிமானம் கிடைக்காது. விழும் நீர் அடிக்குச் சென்று சுழன்று மேலே வருவதால் அருகில் செல்பவரை அருவிக்கு அடியிலேயே இழுக்கவும் செய்யும். நாகலாபுரத்திலும் தடாவிலும் இளைஞர்கள் மூழ்கி இறந்த செய்திகள் பலமுறை வந்திருக்கின்றன. உயிர்காப்பு அங்கிகளைத் தூக்கிச் செல்வது சுமைதான். ஆனாலும் நீந்தத் தெரியாத ஒவ்வொருவருக்கும் ஒன்று இல்லையென்றால் அவர்கள் மடுவில் இறங்காமல் கரையிலேயே உட்கார்ந்திருக்க வேண்டும். குழுவில் யாரும் அந்த விதியைத் தளர்த்தக் கூடாது.

நேரக் கணக்கும் இங்கேதான் கண்டிப்பாக வேண்டும். ஜனவரியில் ஆறு மணியளவில் சூரியன் மறைந்தாலும் பள்ளத்தாக்குக்குள் ஐந்து மணிக்கே இருட்டத் தொடங்கிவிடுகிறது. ஆகவே பிற்பகல் ஒரு மணிக்கு எங்கே இருந்தாலும் திரும்பிவிடுவது என்று அணையிலேயே முடிவு செய்துகொண்டு கிளம்ப வேண்டும். கடைசி அருவி இன்னும் பத்து நிமிடம்தான் என்று சொல்பவர் ஒவ்வொரு குழுவிலும் ஒருவர் இருப்பார். அவர் சொல்வது உண்மையாகவே இருந்தாலும் திரும்புவதே சரி.

அனுமதி விஷயத்தில் இங்கே நிலைமை அடிக்கடி மாறுகிறது. விபத்துகளுக்குப் பிறகு தடுப்பதும் பின்னர் தளர்த்துவதும் வழக்கமாக இருப்பதால், கிளம்பும் வாரத்தில் விசாரித்து அறிவதைத் தவிர வேறு வழியில்லை. தடை இருக்கும்போது வேறு திசையிலிருந்து மலைக்குள் நுழைந்துவிடலாம் என்று யாரேனும் யோசனை சொன்னால், மேலே செம்மரத்தைப் பற்றி எழுதியதை ஒருமுறை நினைத்துப் பாருங்கள்.

## தடா (உப்பலமடுகு)

பெயர் தரும் குழப்பத்தை முதலில் தீர்த்துக்கொள்வோம். தடா என்பது கொல்கத்தா நெடுஞ்சாலையில் உள்ள ஊர். சூளூர்ப்பேட்டை செல்லும் புறநகர் ரயில் அங்கே நிற்கும். அருவி அந்த ஊரில் இல்லை. ஸ்ரீ சிட்டி தொழிற்பகுதிப் பக்கமாக மேற்கே திரும்பி, வரதய்யபாளையத்தைக் கடந்து, கம்பாக்கம் மலைகளின் அடிவாரம் வரை போக வேண்டும். ரயிலில் வந்து இறங்குபவர்கள் ஆட்டோ பேசியே தீர வேண்டும், திரும்புவதற்கும் அதே ஆட்டோவைக் காத்திருக்கச் சொல்லி வைத்துக்கொள்ள வேண்டும்.

நாகலாபுரத்தைவிட இங்கே ஒழுங்கு கூடுதல். வனத்துறையின் வாயிலில் நுழைவுச்சீட்டு கொடுத்து, பைகளைச் சோதித்து, மதுவையும் பிளாஸ்டிக்கையும் தடுக்கிறார்கள். வாகனங்கள் உள்ளே ஓரளவு தூரம் செல்லலாம். அங்கிருந்து தொடங்கும் பாதையில் முதல் பகுதி யாருக்கும் சிரமம் தராது. சிறிய சிவன் கோயிலும், வழியில் ஆழமில்லாத நீர்நிலைகளும் உண்டு. சிவராத்திரிக்குச் சுற்றுவட்டார மக்கள் திரளும் இடம் இது. கடைசிப் பகுதியில்தான் ஓடைப் பாறைகள் மீது ஏறி இறங்கும் வேலை வருகிறது, அருவியும் அதன் கீழே ஆழமான மடுவும் அங்கே இருக்கின்றன.

இந்த அமைப்பினால் தடாவுக்கு ஒரு நன்மை கிடைக்கிறது. குழுவில் பாதிப் பேர் முதல் நீர்நிலைகளிலேயே தங்கிவிடலாம். விருப்பமும் வலுவும் உள்ளவர்கள் மட்டும் மேலே சென்று வரலாம். யாரும் யாருக்காகவும் அருவியை விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை, யாரையும் பாறைகளின் மேல் இழுத்துச் செல்லவும் வேண்டியதில்லை. முதன்முறை இத்தகைய நடைக்கு வருபவர்களுக்கு, பாறையில் கால் வைக்கும் பழக்கம் தங்களுக்கு வருமா என்று சோதித்துப் பார்க்க இதைவிடப் பொருத்தமான இடம் சென்னைக்கு அருகில் இல்லை.

கூட்டம்தான் குறை. ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு மேல் அங்கே சென்றால் காட்டின் ஓசை எதுவும் கேட்காது. சோதனையையும் மீறி உள்ளே வரும் கண்ணாடிப் பாட்டில்கள் பாறைகளில் உடைந்து, அவற்றின் சில்லுகள் முழங்காலளவு நீரின் அடியில் கிடக்கும். எனவே இங்கே வெறுங்காலுடன் நீரில் இறங்க வேண்டாம். வார நாளில், வாயில் திறக்கும் நேரத்திலேயே நுழைய முடிந்தால் தடா வேறோர் இடமாகத் தெரியும். முடியாதவர்கள் நெரிசலுக்குத் தயாராகவே செல்ல வேண்டும்.

## தலக்கோணம்

தமிழ்த் திரைப்படங்களில் காட்டுக் காட்சிகளைப் பார்த்தவர்களுக்குத் தலக்கோணம் என்ற பெயர் பழக்கமானது. 1989 இல் அறிவிக்கப்பட்ட ஸ்ரீ வெங்கடேஸ்வரா தேசியப் பூங்காவுக்குள் இருக்கும் இந்த அருவி ஏறத்தாழ 270 அடி உயரமானது. ஆந்திரத்தின் மிக உயர்ந்த அருவி என்று இதையே சொல்கிறார்கள். திருப்பதியிலிருந்து பாக்கராப்பேட்டை வழியாக ஒன்றரை மணி நேரப் பயணம். அடிவாரத்தில் சித்தேஸ்வரர் கோயிலும், தங்குவதற்கு அறைகளும் உள்ளன.

மற்ற இரண்டு ஆந்திர இடங்களிலிருந்து இது ஒரு முக்கியமான வகையில் வேறுபடுகிறது. இங்கே அருவியின் அடிவரை அமைத்த வழி இருப்பதால், நடக்க விரும்பாதவரும் அருவியைப் பார்த்துவிடலாம். முரட்டு நடை வேண்டுபவர்கள் மேற்பகுதிக்குச் செல்லும் காட்டுப்பாதையில் ஏறலாம். அடர்ந்த மரங்களுக்கிடையில், யானையின் துதிக்கை பருமனுள்ள கொடிகள் மரத்துக்கு மரம் தாவிப் படர்ந்திருக்கும் அந்த வழியே, என் பார்வையில், நான்கு இடங்களிலும் காடு என்ற வகையில் சிறந்தது. அதில் வழிகாட்டி இல்லாமல் செல்லக் கூடாது. சேஷாசலத்தில் யானைகள் நடமாடுகின்றன. 2025 பிப்ரவரியில் சிவராத்திரியை ஒட்டிக் காட்டுவழியே இக்கோயிலுக்கு நடந்து வந்த பக்தர்கள் சிலர் யானைகள் தாக்கி உயிரிழந்தார்கள். தேவாங்கும் மலை அணிலும் இந்தக் காட்டில் உண்டு என்றாலும், கூட்டமாகப் பேசிக்கொண்டு போகிறவர்கள் அவற்றைப் பார்ப்பது அரிது.

ஒரே நாளில் சென்னையிலிருந்து போய் வருவது இயலாததன்று. ஆனால் அதிகாலை நான்கு மணிக்குக் கிளம்பி நள்ளிரவில் வீடு திரும்பும் அந்த நாளில் ஓட்டுநரைத்தான் முதலில் நினைத்துப் பார்க்க வேண்டும். நடந்து களைத்தவர் வண்டியை ஓட்டுவது ஓடையில் வழுக்குவதைவிடப் பெரிய ஆபத்து. இரவு தங்கிவிட்டால் இந்தச் சிக்கல் தீர்கிறது, காலை வெயிலில் அருவியையும் தனியாகப் பார்க்கலாம். விடுமுறை நாட்களில் அறைகளை முன்கூட்டியே பதிவு செய்யாவிட்டால் திருப்பதியில்தான் தங்க வேண்டிவரும்; பெரிய விடுமுறையில் திருப்பதியில் அறை தேடிய அனுபவம் உள்ளவர்களுக்கு இதற்குமேல் சொல்லத் தேவையில்லை.

## ஆகாய கங்கை

கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி, அறப்பளீஸ்வரர் கோயிலுக்குப் பக்கத்திலிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகளில் இறங்கினால், ஐயாறு ஏறத்தாழ 300 அடி உயரத்திலிருந்து விழுவதைக் காணலாம். இது ஓடை வழி நடையன்று; பாறை தாண்டும் வேலை கடைசியில் சிறிதளவுதான். ஆனாலும் முரட்டுத்தனம் குறைவு என்று எண்ணிவிடக் கூடாது, ஏனெனில் இங்கே இறக்கம் முதலில் வருகிறது, ஏற்றம் களைத்த பிறகு வருகிறது. முழங்கால் வலி உள்ளவர்களுக்கு இறக்கமும், இதய நோய் உள்ளவர்களுக்கு ஏற்றமும் சோதனையாக அமையும். வளைவுகளில் வாந்தி எடுக்கும் குழந்தைகளுடன் செல்பவர்கள் அதையும் கணக்கில் சேர்க்கலாம்.

வழி தவற வாய்ப்பில்லை, மொழிச் சிக்கல் இல்லை, தென்மேற்குப் பருவக்காலத்திலும் நீர் இருக்கும். ஆடிப்பெருக்கை ஒட்டி வல்வில் ஓரி விழா நடக்கும் நாட்களில் மலையே நிறைந்திருக்கும் என்பதால் அமைதி வேண்டுபவர்கள் அந்த வாரத்தைத் தவிர்க்க வேண்டும். நீர்வரத்து மிகுந்தால் அருவிக்கு இறங்கும் வழியை மூடிவிடுகிறார்கள். மூடாத நாட்களிலும் மாலைக்கு முன்பே அனுமதியை நிறுத்திவிடுவதால் உச்சிவேளைக்குள் படிகளில் இறங்கத் தொடங்கிவிடுவது நல்லது.

## கணக்கில் வராத செலவுகள்

வாடகை வேன் அமர்த்தி ஆந்திரத்துக்குள் செல்பவர்கள் மாநில எல்லையில் கட்ட வேண்டிய தற்காலிக அனுமதிக் கட்டணத்தை முன்பே பேசிக்கொள்வதில்லை. பிறகு ஓட்டுநருக்கும் குழுவுக்கும் சண்டை வருகிறது. சொந்தக் காரில் செல்பவர்களுக்கு இந்தச் செலவு இல்லை, ஆனால் அரை ஊருக்கு அப்பால் உள்ள மண்சாலையில் காரின் அடிப்பகுதி தட்டும்.

காலணி இரண்டாவது செலவு. விலையுயர்ந்த மலையேற்றப் பூட்ஸ் ஓடையில் நீரைக் குடித்துக் கனத்துவிடும். பின்பட்டை உள்ள, அடிப்பாகம் ரப்பராலான, நீர் வடிந்துவிடும் காலணிதான் இங்கே வேண்டும். தேய்ந்த அடிப்பாகத்துடன் வருபவரை அணையிலேயே நிறுத்திவிடும் துணிவு குழுத்தலைவருக்கு இருக்க வேண்டும். கைப்பேசிக்கு இரட்டைப் பிளாஸ்டிக் உறை, ஒவ்வொருவருக்கும் ஒரு டார்ச், 20 மீட்டர் கயிறு, சுளுக்குக்குக் கட்டும் மீள்கட்டுத் துணி (எலாஸ்டிக் பேண்டேஜ்) ஆகியவற்றைச் சேர்த்தால் ஆளுக்குச் சில நூறு ரூபாய் கூடும்.

மூன்றாவது, காய்ச்சல். புதர்க்காட்டில் இருக்கும் நுண்ணிய பூச்சிகள் கடிப்பதால் வரும் ஸ்க்ரப் டைஃபஸ் காய்ச்சல் தமிழ்நாட்டின் வடபகுதியிலும் தென் ஆந்திரத்திலும் குளிர்மாதங்களில் கூடுதலாகக் காணப்படுகிறது. நடைக்குப் பிறகு இரண்டு வாரங்களுக்குள் கடும் காய்ச்சலும் தலைவலியும் வந்தால், காட்டுக்குள் சென்று வந்ததை மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். அக்குளிலோ இடுப்பு மடிப்பிலோ வலியில்லாத கறுப்பு வடு இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். சொல்லாவிட்டால் டெங்குக்கும் டைஃபாய்டுக்கும் சோதித்தே நாட்கள் போய்விடும். முழுக்கால் சட்டை அணிவதும், புல்லில் நேரடியாகப் படுக்காமல் இருப்பதும், வீடு திரும்பியதும் துணிகளைத் துவைத்துச் சோப்புப் போட்டுக் குளிப்பதும் பாதுகாப்பு தரும்.

## யாருக்கு எது

பத்து வயதுக்குட்பட்ட குழந்தைகளும் பெரியவர்களும் கலந்த குடும்பமாக இருந்து, இரண்டு நாள் ஒதுக்க முடிந்தால் தலக்கோணத்தைத் தேர்வு செய்யலாம். அதே குடும்பத்துக்குத் தெலுங்கு தெரியாது, கோயிலும் சேர வேண்டும், காலும் வலுவாக இருக்கிறது என்றால் கொல்லிமலை. அலுவலக நண்பர்கள் பதினைந்து பேர், யாருக்கு எவ்வளவு முடியும் என்றே தெரியாத நிலையில், ஒரே நாள் பயணம் என்றால் தடாதான். அதுவும் வார நாளில். பழகிய சிறு குழு, நீச்சல், உள்ளூர் வழிகாட்டி, அனுமதி ஆகிய நான்கும் அமைந்தவர்கள் மட்டும் நாகலாபுரம் செல்லட்டும்.

நாகலாபுரம் செல்ல முடிவு செய்தவர்கள் மாற்று ஏற்பாடு ஒன்றையும் கையில் வைத்திருக்க வேண்டும். வங்கக்கடலில் காற்றழுத்தத் தாழ்வு உருவாகியிருந்தாலோ, திருவள்ளூருக்கும் திருப்பதிக்கும் கனமழை எச்சரிக்கை இருந்தாலோ, கிளம்பும் முந்தைய இரவு மலையில் மழை பெய்திருந்தாலோ ஓடைக்குள் இறங்குவது கூடாது. அப்போது தடாவுக்கு மாற்றிக்கொள்வதும் பயனில்லை. அதே மேகம்தான் அங்கேயும் பொழியும். வழியில் உள்ள சுருட்டப்பள்ளியில் நஞ்சுண்ட களைப்பில் அம்மையின் மடியில் தலைவைத்துப் பள்ளிகொண்ட சிவனையும், நாகலாபுரத்தில் விஜயநகர காலத்து வேதநாராயணர் கோயிலில் மீன் அவதாரத் திருமாலையும் பார்த்துவிட்டு, பிச்சாட்டூரில் ஆரணியாற்று அணையில் நீர் நிறைந்திருப்பதையும் கண்டு மதிய உணவுக்குள் திரும்பிவிடலாம். வேன் வாடகை அதே வாடகைதான் என்பதால், இந்த மாற்றத்தை ஓட்டுநரிடம் முன்கூட்டியே சொல்லி வைத்தால் போதும்.